கொலைக்குப் பதினொரு சொற்கள்

நான் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடிக்கிறது, அக்கா என் பைக்குள் ஒரு போர்வையைத் திணிக்கிறாள், அத்தான் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை உருவி, "இதைக் கேட்டுட்டுப் போ. நாடு கடத்தல். அந்தக் காலத்து இங்கிலீஷ்ல இதுக்கு நாலு வார்த்தை" என்றார். நாலையும் கேட்ட பிறகுதான் கார் ஏற முடிந்தது.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், தயாராகிக்கொண்டே இருப்பவர். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் என் அத்தானை எடுத்துக்கொள்ளுங்கள், தாராளமாக.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பகல் முழுக்க வருகிறவர்களையெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "எழுத்து தெரியுதா?" என்று கேட்பவர். அவர் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பழைய ஆங்கிலத் துன்பியல் நாடகம் பாடமாக வந்தது. அதையே பள்ளிக்கூடத்தில் மேடையேற்றினார்கள். இவள்தான் ராணி, கடைசிக் காட்சியில் சாக வேண்டும். அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் சாகறதை ஒரு தடவை பாருங்கப்பா."

பார்க்கலாம். ஆனால் புத்தகத்தைத் திறக்குமுன் கடினச் சொற்களை முடித்துவிட வேண்டாமா?

ஆகவே அட்டைகள் பிறந்தன. முன்பக்கம் சிவப்பு மையில் ஆங்கிலச் சொல், பின்பக்கம் நீல மையில் பொருள், மூலையில் ஓட்டை, ஓட்டையில் வளையம், வளையத்தில் ஐம்பது ஐம்பதாகக் கோத்து ஆணியில் தொங்கவிட்டு, இடம் போதாமல் பிரிட்ஜின் மேல் துரோகம், குளியலறைக் கண்ணாடியில் பழிவாங்கல், அரிசி டப்பாவில் நஞ்சு.

"அரிசி டப்பா மேல விஷம்னு ஒட்டியிருக்கீங்களே, வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் அக்கா.

"தினமும் நீ அதிகமா திறக்கறது அந்த டப்பாதானே? உனக்கும் மனசுல நிக்கும்."

மகள் கூடத்தில் நின்று வசனத்தைத் தொடங்குவாள். நாலாவது சொல்லில் கை உயரும். "நில்லு நில்லு, இதுக்கு அட்டை போடலையே!" அட்டை வெட்டி, கோடு போட்டு, எழுதி, மை காய்வதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூட பஸ் வந்துவிடும். கொலைக்கு மட்டும் பதினொரு சொற்கள் கற்றார். யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால், "இன்னும் அங்க வரல" என்பார்.

நாடகத்தன்று வந்தாரா? "இன்னும் நூத்திப்பத்து வார்த்தை பாக்கி. அரைகுறையா வந்து உட்கார்றது நாடகத்துக்கே அவமரியாதை." அக்கா மட்டும் போனாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொண்டாள். மகள் முகத்துப் பவுடர்கூடக் கலைக்காமல் வீடு திரும்பியபோது இவர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாராம்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"செத்துட்டேன்ப்பா."

"அப்படியா! யாரு கொன்னா?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதெல்லாம் அக்கா தொலைபேசியில் சொன்னது.

இரண்டரை வருஷம் சுற்றிவிட்டு நான் திரும்பினேன். ஆணியில் தொங்கியவை மூன்று செருப்புப் பெட்டிகளாகியிருந்தன. மகள் கல்லூரியில் இருந்தாள். அங்கேயும் அதே நாடகம், அதே ராணி, அதே சாவு. என்னையும் இழுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனாள், வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள், நுழைவுச்சீட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எழுத்து தெரியுதாப்பா?"

"தெரியுது. ஆனா ஒரு இருபது வார்த்தை..."

"வராட்டி விடுங்க. இனிமே கேக்க மாட்டேன்."

அவர் சீட்டை வாங்கி, கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தார். அழுக்கு எதுவும் இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீச்சல் கற்க நீங்கள் வாங்கிய புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது? தண்ணீரைப் பார்த்துவிட்டதா அது? ஒருவரிடம் ஒன்று சொல்ல வேண்டும், சரியான சொல் கிடைக்கட்டும் என்று எத்தனை வருஷமாகத் தள்ளிப்போடுகிறீர்கள்? உங்கள் வீட்டிலும் யாரோ கூடத்தின் நடுவே நின்று நாலாவது சொல்லிலேயே நிறுத்தப்படுகிறார்கள். எதற்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

நாடகத்தன்று நான் வழக்கம்போல வேறோர் ஊரில் இருந்தேன். ஒரு சேதியும் இல்லை. கேட்கப் பயந்து நானும் கேட்கவில்லை. ஏழு வாரம் கழித்து மகளிடமிருந்து செய்தி வந்தது:

"சித்தி, அன்னிக்கு அப்பா வந்தார். மடியில ரெண்டு பெட்டி அட்டை. விளக்கை அணைச்சதும் ஒண்ணும் படிக்க முடியல, வேற வழியில்லாம மேடையைப் பார்த்திருக்கார். நான் சாகும்போது எழுந்து நின்னுட்டாராம், பின்னாடி இருந்தவங்க சட்டையைப் பிடிச்சு உட்கார வெச்சாங்களாம். வீட்டுக்கு வந்ததும், 'கடைசியா சொன்னியே, அது என்ன வார்த்தை?'ன்னார். வார்த்தையெல்லாம் இல்லப்பா, சும்மா கத்தினேன்னு சொன்னேன். அதுக்கும் ஒரு அட்டை போட்டுட்டார். ஏழு வாரமா பேனாவும் கையுமா உட்கார்ந்திருக்கார், பின்பக்கம் இன்னும் காலியாத்தான் இருக்கு."