முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம்

முதல் வளைவிலேயே கார் திரும்ப மறுத்தது. ரிமோட்டை எவ்வளவு திருகினாலும் அது பாட்டுக்கு நேராகப் போய், ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயரில் முட்டி நின்றது.

பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. டயர் கடையில் வீல் பேலன்சிங் பார்க்கும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. எத்தனையோ பெரிய கார்களின் சக்கரத்தில் ஈயத்துண்டு ஒட்டி ஒழுங்காக ஓட வைத்தவன், செருப்பு நீளமிருந்த ஒரு காரிடம் மாட்டிக்கொண்டு முழித்தான்.

போகப்போவது மானம் மட்டுமில்லை, கல்யாணமும்தான். அவன் காதலிக்கும் பெண்ணின் அப்பா லிஃப்ட் இன்ஸ்பெக்டர். மூன்று முறை போய்ப் பேசியும் மனிதர் பிடி கொடுக்கவில்லை. நாலாவது முறை, கிளப் பந்தயத்துக்கு ஒரு ரிமோட் காரோடு வா, ஓட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுவிட்டார். வீட்டில் அவருக்கு வாயைத் திறந்தால் ரிமோட் கார் பேச்சுதானாம். ஆனால் வீட்டாரை மட்டும் மைதானத்துப் பக்கமே விடமாட்டாராம். கவனம் சிதறுமாம். மகள் சொன்னது.

இன்ஸ்பெக்டர் வந்து காரைத் தூக்கிப் பார்த்தார். "ஈயத்தை எல்லாம் பின்னாடி ஒட்டியிருக்கீங்க. முன் சக்கரம் தரையைப் பிடிச்சாத்தானே வண்டி திரும்பும்? அத்தனையும் முன்னாடி மாத்துங்க."

மாற்றினான். கார் திரும்பியது. திரும்பியது என்றால், நிறுத்தாமல் திரும்பியது. பின்பக்கம் லேசாகிப்போய், வால் தலையை முந்தி வந்து பம்பரமாய்ச் சுற்றியது.

அப்படியானால் நடுவில் வை என்றார் அவர். நடுவில் பேட்டரி இருந்தது. அதன் தலையில் அடுக்கினான். இப்போது கார் ஒவ்வொரு வளைவிலும் குட்டிக்கரணம் போட்டது. கனம் உயரத்தில் இருந்தால் கவிழத்தான் செய்யும் என்று அவனுக்கே தெரியும். ஆனால் பெண் கேட்டுப் போன இடத்தில் மாமனாரை எதிர்த்துப் பேசுகிறவன் உண்டா? பக்கத்து மேசையில் தன் காரைத் தயார் செய்துகொண்டிருந்தவர் ஏனோ இருமிக்கொண்டே எழுந்து போனார்.

"சரிக்குச் சரியா இன்னும் நாலு துண்டு கீழ ஒட்டிடுங்க. அசையாது," என்றார் இன்ஸ்பெக்டர்.

உண்மைதான். கார் ஏறக்குறைய அசையவே இல்லை. வேண்டுமென்றே கவிழ்க்கப் பார்க்கிறார் என்று அவனுக்கு வயிறு எரிந்தது. கழற்றி எறிய நேரமுமில்லை.

பந்தயத்தில் இன்ஸ்பெக்டருடையதும் சேர்த்து ஏழு கார்கள். விசில் ஊதியதும் மற்றவை பறந்தன. இவனுடையது நகர்ந்தது. இரண்டாம் வளைவில் கவிழ்ந்தது. ஓடிப்போய் நிமிர்த்தினான். நாலாம் வளைவில் மறுபடி மல்லாந்தது. தன் காரின் வயிற்றைத் தவிர வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. ஏழாவதாக அவன் கோட்டைத் தொட்டபோது, முதலில் வந்தவர் காரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியே விட்டார்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி காரைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் முகமெல்லாம் பல்லாக வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"சார்..." என்று இழுத்தான்.

"சாராவது மோராவது. மாமான்னு கூப்பிடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, தேதி குறிச்சிடலாம். ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்கு அப்புறமும் ஒரு பந்தயம் விடாம நீங்க வரணும்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கால் தரையிலும் படவில்லை. சுற்றுகளை எண்ணிக் குறிக்கும் அம்மாளிடம் நம்பர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், தான் ஓட்டிய லட்சணத்தில் இன்ஸ்பெக்டர் என்னத்தைக் கண்டார் என்று கேட்டே விட்டான்.

அந்த அம்மாள் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பதினோரு வருஷமா ஓட்டுறாரு, தம்பி. அவருக்குப் பின்னால ஒரு கார் வந்தது இன்னிக்குத்தான்."