மொட்டை பாவாவின் எல்.எல்.ஆர்.

திருத்தணி முருகனுக்கு அதிகமாக முடி கொடுத்த மனிதர் மொட்டை பாவாதான். எனக்கு அதிகமாகக் கோபம் கொடுத்தவரும் அவரே. முதலாவதற்கு முருகன் சாட்சி. இரண்டாவதற்கு, நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரின் கீபோர்டு சாட்சி. பாவா விண்ணப்பம் போட வந்த நாட்களில் மட்டும் அதன் என்டர் கீ இரண்டு முறை கழன்று விழுந்திருக்கிறது.

பாவா ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் பேசுவது தெலுங்கு என்பதால் ஊரே அவரை மச்சான் முறைக்குப் பாவா என்றது. நான் மட்டும் அண்ணா என்பேன், கோபம் வராத நேரத்தில். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. லைசென்ஸில் புதுப்புது வண்டிகளைச் சேர்க்க வேண்டும். பைக்கும் ஆட்டோவும் ஏற்கெனவே இருந்தன. கார் வேண்டும் என்று வந்தார்.

"கார் வாங்கப் போறீங்களாண்ணா?"

"இன்னாத்துக்கு? நாளைக்கே ஒருத்தன் சாவியக் குடுத்து ஓட்டுன்னா, எனுக்குத் தெரியாதுன்னு நிக்கணுமா?"

எந்த வண்டியைச் சேர்த்தாலும் முதலில் எல்.எல்.ஆர். போட வேண்டும். பழகிக்கொள்ள அரசாங்கம் தரும் அனுமதி அது. ஊரில் மற்றவர்கள் லைசென்ஸ் கைக்கு வந்தபின் மலையேறி மொட்டை போடுவார்கள். இவர் விண்ணப்பம் போடும் முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

"வேல முடிஞ்சப்பறம் குடுத்தா அது கூலி பாப்பா. முன்னாடியே குடுத்தாதான் மரியாதி."

தத்துவம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்.எல்.ஆர். போடுவதற்கு விண்ணப்பிக்கிறவர் கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும். அது அந்த முகத்தை ஆதார் படத்தோடு ஒப்பிடும். ஆதார் படத்தில் பாவாவுக்குக் காடு மாதிரி முடி, காதைத் தொடும் மீசை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கோ தலை முழுக்கச் சந்தனம், மீசை இருந்த இடத்தில் வெளிறிய தோல்.

'முகம் பொருந்தவில்லை' என்றது கேமரா.

"யோவ், நான்தான்யா!" என்றார் அதனிடம்.

கண் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். தலையில் வெளிச்சம் பட்டு எதிரொளிக்கிறதோ என்று டியூப்லைட்டை அணைத்தேன். பக்கத்தில் பான் கார்டுக்கு உட்கார்ந்திருந்தவர் கரண்ட் போய்விட்டது என்று எழுந்து போய்விட்டார். பாவா இரண்டு மாதம் முடி வளர்த்துக்கொண்டு வந்த பிறகுதான் எல்.எல்.ஆர். கிடைத்தது. அதோடு விட்டாரா? ஓட்டிக் காட்டும் நாளுக்கு முந்தின நாள், மறுபடியும் மொட்டை!

அடுத்தது டிராக்டர். அவருக்கு நிலமும் இல்லை, டிராக்டரும் இல்லை. மொட்டை மட்டும் இருந்தது. "முடி இல்லாமல் வந்தீங்கன்னா கொலை விழும்" என்று நான் சொல்லி வைத்திருந்ததால், ஆர்.கே.பேட்டைப் பக்கம் கூத்தாடும் ஒருவரிடம் டோப்பா முடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அது ராஜ வேஷத்து முடி. இடுப்பு வரை தொங்கியது. இந்த முறை கேமரா 'முகம் தெரியவில்லை' என்றது. போன முறை பொருந்தாத முகம், இந்த முறை இல்லாமலே போய்விட்டது. நான் கத்திய கத்தலில் ஓனர் வெளியே வந்து, "இன்னாம்மா, பாம்பா?" என்றார்.

இதெல்லாம் விளையாட்டு. கனரக வண்டி விஷயம் அப்படியில்லை.

பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பஸ்ஸுக்கு ஆள் தேடினார்கள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எல்.எல்.ஆர். காட்டினால் இப்போதைக்குக் கிளீனர், லைசென்ஸ் வந்ததும் டிரைவர். கூடவே அவர் மகளுக்கு அங்கேயே ஒன்றாம் வகுப்பில் இடம். பாவா சிரிக்காமல் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாப்பாவ அந்த பஸ்லயே இட்டுனு போவேன்மா."

அது வெள்ளிக்கிழமை. அன்றைக்கென்று சர்வர் படுத்துவிட்டது. மறுநாள் எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. திங்கட்கிழமை காலை வாருங்கள் என்று சொல்லி, அவர் தலையில் இருந்த முடியைக் காட்டிச் சத்தியம் வாங்கினேன்.

"இதுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன். மலைக்குச் சவாரி வந்தாக்கூட அடிவாரத்துலயே இறக்கி விட்டுடுங்க."

"ஆங், எனுக்கோசரம் மொட்டையே போட மாட்டேன். சத்தியம்."

திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். வாசலில் பளபளவென்று மொட்டை.

நான் என்ன சொன்னேன் என்பதை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எனுக்கில்லமா. உனுக்கு. இன்டர்வியூ போறேன்னியே."

"நான் கேட்டேனா? உங்களைக் கேட்டேனா நான்?"

"நீ எங்க கேப்ப? உனுக்குக் கோவம்தான் வரும்."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் டைப் அடிப்பது சிரமம். திட்டிக்கொண்டே தேடியதில்தான் தெரிந்தது, கேமராவில் முகத்தைக் காட்டாமல் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நேரில் போயும் வாங்கலாம் என்று. இத்தனை நாள் இது தெரியாமல் இருந்ததற்கு என்னையும் சேர்த்துத் திட்டினேன். அவர் ஆட்டோவிலேயே ஓடினோம்.

கவுண்டரில் இருந்தவர் ஆதாரைப் பார்த்தார், பாவாவைப் பார்த்தார்.

"இது யாரு, உங்க தம்பியா?"

மிச்சமிருந்த கோபமெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. "ஆதாரா சார் வண்டி ஓட்டுது? லைசென்ஸ்ல இருக்கற போட்டோவைப் பாருங்க!" என்று பாவா கையிலிருந்த கார்டைப் பிடுங்கி அவர் முன்னால் வைத்தேன். அந்தப் போட்டோ, ஓட்டிக் காட்டிய நாளில் அதே ஆபீசில் எடுத்தது. மொட்டை, சந்தனம், சிரிப்பு. அச்சு அசல் அதே ஆள்.

கவுண்டர்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எல்.எல்.ஆரை வாங்கிக்கொண்டு பாவா நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவை விட்டார்.

இப்போது தினமும் காலையில் மஞ்சள் பஸ் எங்கள் சென்டரைத் தாண்டிப் போகிறது. முதல் ஜன்னலில் அவர் மகள். படியில் தொங்கிக்கொண்டு பாவா கேட்பார்:

"ஆர்டர் வந்துச்சா பாப்பா?"

"வரும்ணா. லேட்டாகும்னு சொல்லியிருக்காங்க."

சொல்லவெல்லாம் இல்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை என்று மெயில் வந்து மாதமாகிறது. இவரிடம் சொன்னால் அன்றைக்கே மலையேறிவிடுவார். பாவம், இப்போதுதான் அந்தத் தலையில் கொஞ்சம் கறுப்பு தெரிகிறது.