பதினோரு பேருடைய எச்சில்

நாரணாபுரம்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மருமகள் டாக்டர் கீர்த்திகாவுக்கு, தாய்மாமன் சண்முகவேல் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சுப்புலட்சுமியும் நலம். பெங்களூரில் நீயும் உன் ஆராய்ச்சியும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஆராய்ச்சியின் நலத்துக்குத்தான் இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டவேண்டியிருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் ஒரு ஜோக்கை அடித்து நழுவிவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால் கொரியர். சனிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும். விஷயம் இதுதான்: திங்கட்கிழமை நம்ம ஊருக்கு வேன் அனுப்பி, பதினோரு பேரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாயே, அந்த வேனை அனுப்பாதே. அந்தப் பதினோரு பேருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பதினோரு பேரும் நான்தான்.

பதறாதே தாயி, வரிசையாகச் சொல்கிறேன். மனச்சோர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அறுபது பேரிடம் ஒன்பது கேள்விப் படிவம் எழுதி வாங்கவேண்டும், வாயில் பஞ்சை அடக்கி ஆளுக்கு இரண்டு குழாயில் எச்சில் எடுக்கவேண்டும், தூங்கி எழுந்ததும் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, "மாமா, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறினாய். இருபத்தாறு வருஷம் போர்மேனாக இருப்பவனை நம்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? படிவம் என்று ஒன்றைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் ஆபீசர் வந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். ஆபீசர் வந்தால் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தே என் தொண்டை பாதி போய்விட்டது. ரூமுக்கு எத்தனை பேர்? நாலு பேர் சார். குறை ஏதாவது? ஒண்ணும் இல்ல சார். அதே வாய்ப்பழக்கத்தில் உன் படிவத்துக்கும் நான் பாடம் எடுத்துவிட்டேன். தூக்கம் வருதான்னு கேட்டா நல்லா வருது, மனசு எப்படின்னு கேட்டா சந்தோசமா இருக்கு. ஆண்டிச்சாமி மட்டும் எழுந்து, "அண்ணாச்சி, சீசன் நேரத்துல தூக்கம் வருதுன்னு எழுதினா வேலையில தூங்குறான்னு போட்ருவாகளோ?" என்று கேட்டான். நியாயமான சந்தேகம். "அளவா வருது" என்று எழுதச் சொன்னேன். ஆக நாற்பத்தெட்டு பேரும், நாற்பத்தொன்பதாவதாக நானும், எல்லாவற்றுக்கும் தொந்தரவே இல்லை என்று முட்டை போட்டுக் கொடுத்தோம். இந்தியாவிலேயே கவலையில்லாத ஊர் நாரணாபுரம் என்று நீ அறிக்கை எழுதியிருப்பாய்.

மிச்சம் பதினோரு பேர்தான், எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற அய்யம்மாள் குடும்பம். எச்சில் பெட்டியை எடுக்க ஆள் வரும் அன்றைக்கென்று பார்த்து, குலசாமிக்குக் கிடா வெட்ட மொத்தக் குடும்பமும் முதல் நாளே வேன் பிடித்துப் போய்விட்டது. குழாய் காலியாகக் கிடக்கிறது. ரிஜிஸ்டரில் அறுபது என்றால் அறுபது இருக்கவேண்டும், குறைந்தால் ஆபீசருக்கு என்ன பதில் சொல்வது? இங்கே ஆபீசர் நீ. அதனால் விடியக்காலம் அந்த இருபத்திரண்டு பஞ்சையும் நானே வாயில் அடக்கினேன். கன்னத்துக்கு இரண்டு வீதம், நாக்குக்கு அடியில் ஒன்று. ஆறாவது பஞ்சில் எச்சில் வற்றிவிட்டது. நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை எதிரே வைத்து, தொடாமல் பார்த்துக்கொண்டே மிச்சத்தை முடித்தேன். உன் அத்தை எழுந்து வந்து, "என்னங்க, பல்வலியா? முகம் ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?" என்றாள். பதில் சொல்ல வாயில் இடமில்லை. "ஊருபட்ட எச்சிலை ஃப்ரீசர்ல அடைச்சு வச்சிருக்கீக, தோசை மாவு வைக்க எடமில்ல, இதுல நீங்க வேற" என்று திட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு படிவம். பதினோரு பேருக்கும் முட்டை போட்டால் டூப்ளிகேட் என்று தெரிந்துபோகுமே என்று, கைக்கு வந்ததை எழுதினேன். அய்யம்மாள் மகள் வேல்விழிக்கு ஆவணியில் கல்யாணம், பிள்ளை தரையில் கால் பாவாமல் திரிகிறது, அதற்குப் "பிடித்த காரியத்திலும் நாட்டமில்லை, அநேகமாகத் தினமும்". அதே குடும்பத்து மாரீஸ்வரன் கிடா விருந்தில் மூன்றாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆள், அவனுக்குப் "பசியே இல்லை". சிரித்துச் சிரித்தே வேலை ஓடாமல் என்னிடம் வசவு வாங்குகிற அய்யம்மாளுக்கு, "விடியுமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது, ஏன் எழுந்தோம் என்று இருக்கிறது". கடைசியாக, உயிரோடு இருப்பது பற்றி ஒரு கேள்வி வருமே, ஒன்பதாவது, அதற்கு மட்டும் பதினோரு தாளிலும் "அப்படி இல்லை" என்றுதான் போட்டேன். எல்லாம் கற்பனை. எனக்குத்தான் கற்பனை கூடுதல் என்று உனக்குத் தெரியுமே.

போன வாரம் உன் போன் வந்தது. "மாமா, இந்தப் பதினோரு பேரும் ஒரே குடும்பமா? காலையில ஏறி இறங்குற ஹார்மோன் அத்தனை பேருக்கும் ஒண்ணுபோல தாறுமாறா இருக்கு. எச்சிலை மட்டும் வச்சு நோய்னு சொல்லிற முடியாதுதான், ஆனா படிவத்தையும் சேர்த்துப் பார்த்தா சும்மா விடக்கூடாது மாமா. எங்க புரொபசர் இது பரம்பரையா வருதான்னு பார்க்க ரத்தம் எடுக்கணும்ங்கறார், அவருக்குக் கால் தரையில இல்ல." அவர் காலைத் தரையில் இறக்கி வைக்கிற பாவமும் எனக்கே. நீ அழுதமாதிரிகூட இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அப்படியா, பாவம்" என்றேன். பாவம் என்று என்னைப் பார்த்து நானே சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

உன் உதவியாளர் பிள்ளை வேல்விழிக்குப் போன் போட்டு வேன் வருவதைச் சொல்ல, அது தெருவெல்லாம் பரவி, நேற்று அய்யம்மாள் கம்பெனி வாசலில் என்னை மறித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, எங்க குடும்பத்துக்கே மூளையில ஏதோ இருக்காமே. அச்சங்குளத்துச் சம்பந்தக்காரக போன் போட்டு, இது பிள்ளைகுட்டிக்கும் வருமான்னு கேக்காக. நிச்சயத்தைத் தள்ளிவைப்போம்னு சொல்லுதாக. நாங்க என்ன சிரிக்காமயா இருக்கோம்? சிரிக்கேன்னுதான நீங்களே வைவீக?" கண் கலங்கியிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. "நான் பாத்துக்கிடுதேன் போ" என்றேன். பார்த்துக்கொள்வதென்றால் இந்தக் கடிதம்தான்.

ஆகவே, அந்தப் பதினோரு பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடு. முடிந்தால் எங்கள் நாற்பத்தொன்பது பேரையும் சேர்த்து எடுத்துவிடு. அச்சங்குளத்துக்கு நீயே ஒரு போன் போட்டு, தப்பு போர்மேன் மேல் என்று சொல். டாக்டர் சொன்னால் நம்புவார்கள். உன் இரண்டு வருஷ உழைப்பில் நான் வைத்த வேட்டுக்கு எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை. அறுபது பேரில் ஒருவர்கூட உன்னிடம் உண்மை சொல்லவில்லை, சொல்லவிடாமல் பாடம் எடுத்தவன் உன் சொந்த மாமன்.

நீ வந்திருந்தபோது சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூளையும் உடம்பில் ஒரு உறுப்புதான், அதற்கும் நோக்காடு வரும் என்றாய். கவலையே இல்லாதவனுக்கு எப்படி வரும் என்று நான் கேட்டதற்கு, "சுகர் வந்தா மட்டும் காரணம் கேக்குறீகளா மாமா?" என்றாய். மாத்திரை பிடிக்க நாலு வாரம், ஆறு வாரம் ஆகும், உட்கார்ந்து பேசியும் சரிபண்ணலாம் என்றாய். "பேசினா சரியாகும்னா எனக்கு இந்தச் சென்மத்துல வராது" என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாய். அப்போது எதற்குப் பார்த்தாயோ தெரியாது. நான் நல்லாத்தான் இருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே, தம்பி மேல் அவளுக்கு இருக்கிற கொஞ்ச மரியாதையாவது மிஞ்சட்டும். நீயும் உன் படிப்பும் இந்த மாமனைத் தாண்டி ஓங்கி நிற்க வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
சண்முகவேல்.

பின்குறிப்பு: கற்பனை என்று எழுதியதை அடித்துவிடு. ஒன்றைக்கூட யோசித்து எழுதவில்லை தாயி, யோசிக்கவேண்டியே வரவில்லை. என் பேர் போட்ட தாளில் முட்டை போட்டுவிட்டு, அடுத்தவர் பேர் போட்ட தாள் கிடைத்ததும் கை தானாக ஓடியது. ஒன்பதாம் கேள்விக்கு "இல்லை" என்று போட்டது நிஜம்தான், ஆனால் பதினோராவது தாளில் பேனாவை வெகுநேரம் வைத்திருந்தேன். வேனை நிறுத்தாதே, அனுப்பு. பதினோரு இடம் வேண்டாம், இரண்டு போதும். உன் அத்தையும் வருகிறாள். கவரை ஒட்டக் கொடுத்தேன், நின்றபடியே முழுசும் படித்துவிட்டாள். உள்ளே போய் இரண்டு சேலையும் என் வேட்டியும் எடுத்துப் பைக்குள் வைத்தாள், திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கிடக்கிறது. பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிக்கிறமாதிரி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள். சும்மா இருக்கிறேன்.