குழாயடி அம்மன்

பொன்னுரங்கம் காலையில் குழாய்த் தண்ணீரில் அலசிப் போட்ட வெள்ளை வேட்டி, மத்தியானத்துக்குள் மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. கொடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால் தானாகவே நின்றது. தண்ணீரில் அவ்வளவு துரு. வேட்டி நின்றதில் அவருக்கு வருத்தமில்லை. அது நிற்பதைப் பண்ருட்டியிலிருந்து வந்த சம்பந்தியம்மாள் பார்த்துவிட்டார், அதுதான் வருத்தம்.

மகள் அனுப்பிரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். சம்பந்தியம்மாள் வேட்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மருமகளின் வயிற்றைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியிலயா எம் பேரப்புள்ளைய குளிப்பாட்டுவீங்க அண்ணே? ஆடி முடியறதுக்குள்ள தண்ணி வெளுக்கணும். இல்லன்னா பொண்ண பண்ருட்டிக்கே இட்டுகிட்டு போயிடுவேன்."

தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தால், அப்புறம் பொன்னுரங்கம் எந்த டீக்கடையில் முகத்தைக் காட்டுவது? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, பஸ் வேகத்தைக் குறைத்து ஆசை காட்டிவிட்டு நிற்காமல் போகிற அந்தச் சிற்றூரில் இருந்ததே இரண்டு டீக்கடை.

நேரே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். எஞ்சினியர் மணவாளன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார். "டெஸ்ட்ல எல்லாம் நார்மல் பெரியவரே. கலர்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

பொன்னுரங்கம் கொண்டுபோன சொம்பை நீட்டினார். "அப்ப இதுல ஒரு வாய் குடிங்க."

"எனக்குச் சளி."

குழாயை மாற்றும்வரை இந்த மஞ்சள் வேட்டியைத் தவிர வேறு துணி கட்டுவதில்லை என்று பொன்னுரங்கம் அங்கேயே சபதம் செய்தார். மறுநாள் முதல் அலுவலக வாசலில் வெயிலில் நின்றார். உட்காரவும் முடியாது. வேட்டி மடங்காது.

ஆடி மாதம், மஞ்சள் வேட்டி, வெயிலில் ஒரு வயசாளி. போகிற பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டாள். இருந்த எரிச்சலில், "எல்லாம் எங்க தெருக் குழாய்க்குத்தான்" என்றார்.

விடிந்து பார்த்தால் குழாயின் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது. அடுத்து குங்குமம் ஏறியது. வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றினார்கள். கூழை மட்டும் கேன் தண்ணீரில் காய்ச்சினார்கள். பக்தி வேறு, வயிறு வேறு.

மஞ்சள் தண்ணீரைப் பிடிக்க நெல்லிக்குப்பத்திலிருந்து டிராக்டரில் ஆள் வந்தது. பொன்னுரங்கம் குறுக்கே பாய்ந்து, இது சாமி இல்லை, சாக்கடை என்று கத்தினார். அவருக்கு அருள் வந்துவிட்டதென்று நாலு பேர் பிடித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள்.

பழத்தைத் துப்பிவிட்டுக் குழாயை இறுக்கி மூடப் பார்த்தார். திருகு கையோடு வந்தது. தண்ணீர் தென்னை உயரம் எழும்பி, உச்சியிலிருந்த காக்காயை மஞ்சளாக்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அந்தக் கும்பலில் புத்தியோடு இருந்தது எதிர்வீட்டு ஜான்சி ஒருத்திதான் என்று பொன்னுரங்கம் நினைத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், குழாயடியிலேயே நின்று, "தலையில தெளிச்சிக்குங்க, யாரும் குடிக்காதீங்க, குடிச்சா அம்மனுக்குக் கோவம் வரும்" என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினாள். ஜீப்பில் வந்து இறங்கி, வரிசையில் நிற்காமல் முண்டியடித்த ஓர் அம்மாளைக்கூடத் தனியாக அழைத்துப் பக்குவமாகப் பேசி, ஒரு பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள்.

பொன்னுரங்கம் மறுபடி அலுவலகத்துக்கு ஓடினார். மணவாளன் கையை விரித்தார். "இப்ப அது சாமி குழாய். தோண்டினா என் வேல போயிடும். முன்னாடியே சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாம்."

"முன்னாடி சொன்னப்ப உனக்குச் சளி" என்றார் பொன்னுரங்கம். வேட்டியை மாற்றவில்லை. வாசலை விட்டு நகரவுமில்லை.

ஆடி முடியப் போனது. திங்கட்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சம்பந்தியம்மாள் போன் செய்தார். அனுப்பிரியா அழுதுகொண்டே துணியை மடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் காருக்கு முன்னால் ஜேசிபி வந்தது. கண்கள் உள்ளே போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணவாளன் இறங்கினார். அம்மனிடம் அவரே சூடம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு, "தோண்டுங்கடா" என்றார். சாக்கடைக்குள் கிடந்த பழைய பைப், தொட்டதும் முறுக்கு மாதிரி உடைந்தது.

சாயங்காலம் புதுக் குழாயில் வந்த தண்ணீர் அவ்வளவு தெளிவு. குடம் காலியென்று நினைத்து மூன்று பேர் அதிலேயே மறுபடி பிடித்தார்கள். அம்மன் போய்விட்டாள் என்று கூட்டமும் கலைந்தது. சம்பந்தியம்மாள் ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்றும் குடித்தார். காரைத் தனியாகத் திருப்பிக்கொண்டு போனார்.

பொன்னுரங்கம் வேட்டியைத் தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. "நின்னே சாதிச்சேன் பாத்தீங்களா?"

"உங்க வேட்டிக்கு யாரு பயந்தா?" என்றார் மணவாளன் சுவரில் சாய்ந்தபடி. "எங்க மாமியா ராசம்மா, ஜீப்ல வந்து தீர்த்தம் புடிச்சாந்து, மருமவன் வெறும் வயித்துல குடிக்கணும்னு நின்னுட்டாங்க. மாமியா கையால குடுக்கறத துப்ப முடியுமா? மொதல்ல எனக்கு வயிறு புடுங்கிக்கிச்சு, அப்புறம் வீடே கக்கூசுக்கு வரிசையில நின்னுச்சு."

பொன்னுரங்கத்துக்குப் புரியவில்லை. "குடிக்கக் கூடாதுன்னு ஜான்சி எல்லாருகிட்டயும் சொல்லுச்சே?"

புதுக் குழாயில் குடத்தை வைத்துக்கொண்டிருந்த ஜான்சி, நிமிராமலே அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அந்தம்மாகிட்ட மட்டும் மருமவனுக்குக் குடுக்கச் சொல்லி மாத்திச் சொன்னேன் மாமா, மனுன்னா ஆபீசுலயே போட்டுட்டுப் போயிடுவாங்க, தீர்த்தம்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்கன்னுதான நான் வேப்பிலையே கட்டுனது."