வெறுங்கால் தாத்தாவும் என் தலையணையும்

உலகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். என் தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு தொழில் நடத்துகிறவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர் கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டில், என் வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி கீழேயா குடியிருக்க வேண்டும்?

அவருக்கு வயது நாற்பத்தாறு. எனக்கு எழுபத்து நாலு. ஊரே அவரைத் தாத்தா என்பதால் நானும் அப்படித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. என்ன நியாயம் இது?

பதினொரு மாதம் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துவார். டிசம்பர் பிறந்தால் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, கையில் மணி. பேக்கரி, ஜவுளிக்கடை, கரோல் கோஷ்டி, கடைசியில் மலைமேல் ரிசார்ட். ஆள் ஊதுபத்திக் குச்சி. அதனால்தான் தலையணை. வீட்டில் மூன்று இருக்க, நான் தலைக்கு வைப்பதுதான் வேண்டுமாம்.

"மத்ததை எடுத்துட்டுப் போயேன்யா!"

"அது தொந்தி மாதிரி இல்ல சாமி. சீக்காளி வயிறு மாதிரி இருக்கு."

இருபத்தைந்து இரவு வேட்டியை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறேன். கழுத்து வலி பொங்கல் வரை.

சாமி என்றாரே, அது இரண்டாவது தொல்லை. கார்த்திகை முதல் தேதியே சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார். கிறிஸ்துமஸ் முடிந்துதான் மலையேற்றம். பஞ்சுத் தாடிக்குள் அசல் தாடி, அங்கிக்குள் கறுப்பு வேட்டி, பார்க்கிறவர்களெல்லாம் சாமி. பேக்கரியில் குழந்தையிடம், "சாமிக்கு எந்த கேக் வேணும்?" என்று கேட்பார். ஒரு சாயங்காலம் நானே எண்ணினேன். வந்த பதினொரு குழந்தைகளில் இரண்டு பேர் திருநீறு கேட்டார்கள்.

மாலை போட்டால் காலில் செருப்பும் கிடையாது. போன வருஷம் ரிசார்ட்டுக்கு வந்த புது மலையாளி மேனேஜருக்கு அது பொறுக்கவில்லை. தாத்தாவுக்காகப் பேசப் போன பழைய வாத்தியாரான என்னிடம், "ஷூ இல்லாத்த சாண்டா வேண்டாம் மாஷே. கெஸ்ட் கம்ப்ளெயின்ட் பறையும். வேற ஆளு உண்டு" என்றார்.

இறங்கும்போது கூட வந்த தாத்தா சொன்னார்: "பதினேழு தடவை மலை ஏறியாச்சு சாமி. இது பதினெட்டு. இது முடிஞ்சா நான் குருசாமி. நாலு பேருக்கு மாலை போட்டுவிடலாம். இதுல போய் ஷூவை மாட்டச் சொல்றீகளா?"

"அப்ப ரிசார்ட்டை விட்டுத் தொலை."

"ஸ்டோர்ல என்னைய யாரு ஏறிட்டுப் பாக்குறாக? அங்கதான் பிள்ளைக என்னையப் பாத்து ஓடி வருதுக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனிதனின் பதினேழு வருஷத்தை ஒரு ஜோடி ஷூ தின்பதா? அடுப்புக்கரியை அரைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, கிறிஸ்துமஸ் அன்று காலையில் அவர் காலில் முழங்கால் வரை பூட்ஸ் வரைந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. லேஸ் கோக்கக் காலுக்கு எட்டுக் கண். லேஸ் சுண்ணாம்பில்.

"கூசுது சாமி!"

"ஆடாதேய்யா! ஆறாவது கண் கோணிப் போச்சு!"

பத்து மணிக்கு ரிசார்ட் புல்வெளி. மேனேஜர் சொன்ன வேறு ஆள் இன்னும் வந்து சேரவில்லை. மேனேஜர் இருபதடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். பதினேழு நிமிஷம் பிரச்சினை இல்லை. பதினெட்டாவது நிமிஷம், விழுந்த மிட்டாயை எடுக்கக் குனிந்த ஒரு சின்னப் பெண் அலறினாள்:

"அம்மா! ஷூவுக்கு விரல் இருக்கு!"

மேனேஜர் ஓடி வந்தார். "எந்தா மாஷே இது?"

"முழங்கால் வரை இருக்கிறது, கறுப்பாக இருக்கிறது, எட்டுக் கண் இருக்கிறது. இன்னும் என்ன ஐயா வேண்டும் உமக்கு?" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. குழந்தைகள் வரிசை கட்டிவிட்டார்கள். "பெருவிரலை ஆட்டுங்க தாத்தா!" அவர் ஆட்டினார். இருபத்தாறு குழந்தைகள், ஒவ்வொன்றும் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணியது. கை கறுத்தது, கன்னம் கறுத்தது. அழைத்துப் போக வந்த தாய்மார்கள் படம் எடுத்தார்கள். கடைசியில் மேனேஜர், "அடுத்த வருஷமும் இதே ஷூ மதி, இது போதும்" என்றார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நான் மறக்கவில்லை.

தாத்தா மலை ஏறி, குருசாமியாகத் திரும்பினார். தலையணையும் திரும்பியது, கரிக்கறையோடு. மூன்று முறை துவைத்தும் போகவில்லை.

இன்று நவம்பர் முப்பது. ஆள் இன்னும் கேட்க வரவில்லை. என்ன திமிர்! காலையிலிருந்து தலையணையை வெயிலில் போட்டு நாலு தடவை புரட்டிவிட்டேன். கரியும் அரைத்தாயிற்று.