அத்தை, உங்கள் கோடுகள் கோணல் இல்லை

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம். அவர் சிரிக்கும் சத்தம் இங்கே வரை கேட்கும். காலையில் அம்மா குளிக்கப் போகும்போது அவள் ஃபோனில் இந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்புவேன். படித்ததும் அழித்துவிடுங்கள். நீங்களும் மாமாவும் சௌக்கியமா? இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

நாளை காலை அப்பா உங்களுக்கு ஃபோன் செய்து, நீங்கள் வரைந்த சர்க்யூட் போர்டு சரியில்லை, அடுத்ததை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லப் போகிறார். அத்தை, அது உங்கள் தப்பில்லை. என் ஹேர்கிளிப்பின் தப்பு.

போர்டு வந்த அன்று சின்னச் சின்ன உறுப்புகளை எல்லாம் அப்பாவே உட்கார்ந்து ஒட்டி முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை, எறும்பின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எறும்பு தயாராக இருந்தது. அதன் அடியில் இருந்த போர்டை நகர்த்தக் குனிந்தேன். தலையிலிருந்து கிளிப் நழுவி, சரியாக அந்த வேகமான சிப்பின் வாசலில் விழுந்தது. அங்கே காவலுக்கு நின்ற இரண்டு கெபாசிட்டரில் ஒன்று தெறித்துப் போய்விட்டது. கடுகில் பாதிகூட இல்லாத சாமான், தரையில் எங்கே தேடுவது? எறும்பும் ஓடிவிட்டது.

சர்க்யூட் படத்தில் அதன் அளவு பத்து என்று போட்டிருந்தது. அப்பாவின் பெட்டியில் பத்துக்கும் பதினைந்துக்கும் அறைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இரண்டு மூடியும் திறந்து கிடந்தன. உள்ளே இருப்பவற்றின் மேல் ஓர் எழுத்தும் கிடையாது, எல்லாம் ஒரே நிறம். படபடப்பில் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டேன். (என் ஹெட்ஃபோன் அறுந்தபோதெல்லாம் நானேதான் சாலிடர் வைத்தேன். அதையும் சொல்லிவிடாதீர்கள்.) பத்திலிருந்து எடுத்தேனா, பதினைந்திலிருந்தா என்று இப்போது சத்தியமாக நினைவில்லை.

உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் எனக்குப் புரிந்தது சரியா என்று பாருங்கள். வெளியிலிருந்து அலையாக வருவதை அந்த சிப் கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சக்கணக்கான தடவை அளந்து எண்ணாக்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் மின்சாரத்தை லபக்கென்று விழுங்கிவிட்டு, வந்த வழியே ஓர் உதை விடும். அந்த உதையைத் தாங்கத்தான் வாசலில் கெபாசிட்டர்கள். அலை இரண்டு கம்பிகளில் வரும், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா அளந்து பார்க்கும் திரையில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முள் முளைக்கும்.

முளைத்துவிட்டது அத்தை.

மறுநாள் அப்பா முதல் தடவையாக அளந்து பார்த்தார், நட்டநடுவில் முள். முதலில் மிக்ஸி மேல் சந்தேகம், அம்மா மிக்ஸியைத் தொடக்கூடாது என்றார். அப்புறம் ஃபிரிட்ஜை அணைத்தார், பால் திரிந்து போனது, முள் போகவில்லை. காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். கூரியர்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார், அவர் கொண்டுவந்த பார்சலில் அம்மாவின் புது மூக்குக்கண்ணாடி இருந்தது. கடைசியில் உங்கள் கோடுகள் மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாரு, இந்தக் கோடு வளைஞ்சு போகுது. நேராப் போனா என்ன கேடு?"

"உங்க தங்கச்சி போன தடவை வரைஞ்சது நல்லாத்தானே ஓடுச்சு?" என்றாள் அம்மா.

"போன தடவை அவளுக்குக் கல்யாணம் ஆகல."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கவனம் சிதறிடுச்சு. வேற ஆளைப் பார்த்துட்டேன். காலையில சொல்லிடுறேன்."

நீங்களும் அப்பாவும் பேசாமல் போய்விட்டால் லீவுக்கு நான் யார் வீட்டுக்கு வருவேன்? அதனால் ஒரே ஓர் உதவி. அவர் ஃபோன் செய்ததும் நீங்களாகவே தோன்றியது போல, "அண்ணா, வாசல்ல இருக்கிற ரெண்டு கெபாசிட்டரையும் கழட்டி அளந்து பாரேன்" என்று சொல்லுங்கள். எறும்பு, கிளிப், நான், மூவரின் பேச்சையும் எடுக்காதீர்கள். உங்களுக்கும் மாமாவுக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும் என்று வேண்டிக்கொள்ளும் உங்கள் அண்ணன் மகள். இன்னொன்று அத்தை, அந்த முள் கூட பார்க்க அழகாகத்தான், ஐயோ, யாரோ கதவைத் தட்

பி.கு: தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. முள் உறுத்தியதில் எனக்கும் தூக்கமில்லை. இவள் அறையில் விளக்கு எரிந்தது, தட்டினேன். தலையணைக்கு அடியில் இந்தத் தாள். இரண்டு கெபாசிட்டரையும் கழற்றி அளந்தேன். வாலு ஒட்டியது சரியாகப் பத்து. நான் ஒட்டியதுதான் பதினைந்து. தெறித்துப் போனதையும் என் மேசைக்கு அடியில் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தோம், அதுவும் பதினைந்து. அதாவது நான் இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்து வைத்திருந்தேன். இவள் கிளிப் விழாமல் இருந்திருந்தால் முள்ளே வந்திருக்காது, தப்போடு போர்டு வெளியே போயிருக்கும். இப்போது இரண்டும் பத்து, முள் போய்விட்டது. உன் கோடு ஏன் வளைகிறது என்றும் புரிந்தது, வளையாவிட்டால் இரண்டு கோடும் ஒரே நீளம் வராது. திட்டுவதற்காகக் காலையில் ஃபோன் செய்வதாக இருந்தேன். செய்கிறேன், நீ திட்டு. அடுத்த போர்டும் நீதான். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, முக்கியமாக உன் அண்ணியிடம்.

இன்னொரு பி.கு: அத்தை, இது யார் ஃபோனிலிருந்து வருகிறது என்பது அப்பாவுக்கு நினைவில்லை. அம்மா பழைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நான் எடுத்த படத்தைத் தன் ஃபோனில் இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். மிக்ஸி ஓடுகிறது.