முட்டிபோடு அக்கா

கோவில்பட்டி வட்டாரத்தில் அதிகாரம் படைத்த எல்லோரையும் ஒரு தடவையாவது முட்டி போட வைத்தவர் உண்டென்றால், அது எங்கள் ஊர் முட்டிபோடு அக்காதான். ஆடு மேய்ப்பவர். சொந்தமாகப் பிள்ளை கிடையாது. அதனால் ஊரிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட அத்தனை பேருக்கும் தானே வக்கீல் என்று முடிவுசெய்துவிட்டார்.

அவருடைய சட்டம் ஒன்றே. பிள்ளைகள் விஷயத்தில் வாய் திறக்கிறவர், முதலில் முட்டி போட்டுப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார்க்கவேண்டும். பெட்டிக்கடைக்காரரைப் போடவைத்தார்.

"கண்ணுக்கு நேரா என்ன தெரியுது?"

"சாயமுட்டாயி."

"பெறகு பிள்ள எப்படி அண்ணாச்சி சோறு திங்கும்?"

சாயமிட்டாய் மேல்தட்டுக்கு ஏறியது. கடலைமிட்டாய் கீழே இறங்கியது. மகளை அதட்டிக்கொண்டிருந்த என்னையும் தெருவிலேயே போடவைத்தார். கீழிருந்து பார்த்தால் அக்காவே பூதம்போலத் தெரிந்தார். அதன்பின் நான் மகளை அதட்டவில்லை.

எங்கள் அங்கன்வாடிக்குப் புதுக்கட்டடம் வந்தது. குடிதண்ணீர்க் குழாயைப் பெரியவர்கள் உயரத்தில் வைத்துவிட்டார்கள். டீச்சர் ஒருவர்தான், எத்தனை பேரைத் தூக்கிவிடுவார்? பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே கிடந்தார்கள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதார்கள். இரண்டு தாய்மார் பிள்ளைகளை நிறுத்தியும்விட்டார்கள்.

கட்டடத்தைப் பார்வையிட இன்ஜினியர் வந்தார். ஒன்றிய அலுவலக எழுத்தர் என்ற முறையில் நானும் கூடப் போனேன். அக்கா ஆடுகளோடு வந்து குழாயடியில் நின்றுகொண்டார்.

"பிளான்படிதான் கட்டியிருக்கும்மா," என்றார் இன்ஜினியர்.

"இருக்கட்டும். முட்டி போட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சிக் காட்டுங்க. நா ஆட்டப் பத்திட்டுப் போயிருதேன்."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆடுகள் அவரைப் பார்த்தன. கைக்குட்டையை விரித்து முட்டி போட்டார்.

ஒரு வாண்டு கேட்டது: "சார் என்ன தப்புப் பண்ணுனாரு?"

"அதத்தாம்ல தேடுதாரு," என்றார் அக்கா.

இன்ஜினியர் கையை உயர்த்திக் குழாயைத் திருகினார். தண்ணீர் வாய்க்கு வரவில்லை. முழங்கை வழியே சட்டைக்குள் போனது.

"எங்களுக்கும் இப்படித்தான் சார்," என்று வாண்டு ஆறுதல் சொன்னது.

அவர் முட்டி போட்டபடியே குழாய்க்காரருக்குப் போன் போட்டார்.

மறுநாளே குழாய் கீழே இறங்கியது. நின்றுபோன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இப்போது அங்கே போனால், தண்ணீர் குடிக்க நான்தான் இடுப்பு வலிக்கக் குனியவேண்டியிருக்கிறது. அக்காவுக்குக் குனிகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்; வலி தெரிவதில்லை.